கேள்வி பதில்: வினைச்சொல் நிற்கும் இடம்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆங்கில வாக்கியங்களைப் பற்றியவை. பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்குகிறதோ, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் பெருகிவிட்டார்களோ, காரணம் எதுவாயினும் அந்தக் கடிதங்களை மட்டும் பிரித்தெடுத்து இவ்விதழில் விடை எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும், பர்மாவில் வாழும் நமக்குப் பழகிய பர்மிய வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் விளங்கும்.

என் மகன் பாடப் புத்தகத்தில் உள்ள ஆங்கில உதாரண வாக்கியங்களை வரிசை மாறாமல் ஒப்பிக்கிறான். ஆனால் சென்ற வாரம் எங்கள் கடைக்கு வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்கக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. மனப்பாடம் செய்வது வீண்தானா ஐயா? (ஒரு தாயார், மௌல்மீன்)

வீண் இல்லை அம்மா. ஆனால் உதாரண வாக்கியம் என்பது இட்லித் தட்டைப் போன்றது. மாவை ஊற்றாமல் தட்டையே நாள்தோறும் துலக்கிக்கொண்டிருந்தால் தட்டு பளபளக்கும், இட்லி வராது. தங்கள் மகனுக்குத் தட்டு இருக்கிறது; மாவு ஊற்றப் பழக்க வேண்டும்.

புத்தகத்து வாக்கியத்தை ஒதுக்கிவிட்டு, அவன் தினமும் கண்ணால் காண்பதையே ஒரு வாக்கியமாக எடுத்துக்கொள்வோம். "மை மதர் செல்ஸ் மொஹிங்கா நியர் த ஸ்டேஷன்." என் அம்மா ரயிலடியில் மொஹிங்கா (மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் சேர்த்த பர்மிய உணவு) விற்கிறார். இதையே அவன் பர்மிய மொழியில் "அமேக பூதானாஹ்மா மொஹிங்கா யௌங்தே" என்பான். தமிழிலும் பர்மியத்திலும் ஆள், இடம், பொருள், வினை என்று ஒரே வரிசை. வீட்டில் பேசும் மொழியும் தெருவில் பேசும் மொழியும் இந்த ஒரு விஷயத்தில் கூட்டாளிகள். ஆங்கிலமோ ஆளைச் சொன்ன மறுகணமே "செல்ஸ்" என்று வினையைச் சொல்லிவிட்டு, பிறகு பொருளையும் அதன் பிறகு இடத்தையும் சொல்கிறது. எழுவாயை நீக்கிவிட்டுப் பார்த்தால், "ரயிலடியில் மொஹிங்கா விற்கிறார்" என்பதைக் கண்ணாடியில் காட்டியது போல "செல்ஸ் மொஹிங்கா நியர் த ஸ்டேஷன்" இருக்கிறது. "ரயிலடியில்" என்ற ஒரு சொல்லுக்குள்ளேகூட இந்தத் தலைகீழ் தெரியும். நாம் ரயிலைச் சொல்லிவிட்டு "அடியில்" என்கிறோம், அவர்கள் "நியர்" என்று தொடங்கிவிட்டு ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, நாம் வாக்கியத்தின் வாலில் வைத்துப் பழகியதை ஆங்கிலம் தலைப்பக்கத்தில் வைப்பதால் நேர்பவை என்பது என் அனுபவம்.

இப்போது கேள்விக்கு வருவோம். தமிழில் "விற்கிறாரா?" என்று கடைசியில் ஓர் "ஆ" சேர்த்தால் போதும். பர்மியத்திலும் கடைசியில் "லா" சேர்த்தால் கேள்வியாகிவிடும். வாக்கியம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசி நொடியில்கூட அதைக் கேள்வியாக மாற்ற நமக்கு வசதி உண்டு. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. வாயைத் திறக்கும்போதே இது கேள்வி என்று அறிவிக்க வேண்டும். "டஸ் யுவர் மதர் செல் மொஹிங்கா நியர் த ஸ்டேஷன்?" தங்கள் மகனுக்கு வாய் வராததற்குக் காரணம் கூச்சம் மட்டுமன்று, கேள்வியின் முதல் சொல் அவனிடம் தயாராக இல்லை.

இங்கே ஒரு சிறிய வேடிக்கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். சாதாரண வாக்கியத்தில் "செல்ஸ்" என்று இருந்தது, கேள்வியில் "செல்" ஆகிவிட்டது. வாலில் இருந்த "ஸ்" எங்கே போனது? முன்னால் ஓடிப்போய் "டூ" என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு அதை "டஸ்" ஆக்கிவிட்டது. மறுத்துச் சொல்லும்போதும் இப்படித்தான்: "ஷி டஸ் நாட் செல்." இறந்த காலத்திலும் இதே கதைதான். "ஸோல்ட்" என்பதில் இருந்த காலக்குறி "டிட்" என்பதற்கு இடம்பெயர்ந்துவிடுவதால், "டிட் ஷி செல்?" என்று வினை வெறுமையாக நிற்கிறது. "டிட் யூ வென்ட்?" என்று பிள்ளைகள் எழுதுவது, ஒரே காலக்குறியை இரண்டு பேர் தலையில் ஏற்றுவதாகும். ஒருவர் சுமந்தால் மற்றவர் கைவீசி நடக்கலாம்.

மாலையில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கேள்வியாக, மறுப்பாக, நேற்றைய செய்தியாக, நாளைய செய்தியாக அவனையே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். கேட்கிறவர் தாங்களாகவே இருக்கலாம். தங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, "ஸ்" எங்கே போயிற்று என்று கேட்டால் போதும்.

இந்த "டூ" எதற்காக? "செய்" என்று பொருள்படும் சொல்லை, எதையும் செய்யாத இடத்திலெல்லாம் ஏன் நுழைக்கிறார்கள்? (கல்லூரி மாணவர், தாட்டோன்)

நியாயமான எரிச்சல். ஆங்கிலேயருக்கே ஒரு காலத்தில் இது தேவைப்படவில்லை. வினையையே முன்னால் தள்ளிக் கேள்வி கேட்டார்கள்; வினைக்குப் பின்னால் "நாட்" என்று வைத்து மறுத்தார்கள். பழைய வழக்கமும் புதிய வழக்கமும் அருகருகே நடமாடிய காலத்தை ஒரே வாக்கியத்தில் காண வேண்டுமானால், 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் காட்டு மலர்களைப் பற்றி வரும் "தே டாயில் நாட், நைதர் டூ தே ஸ்பின்" என்ற வரியைப் பாருங்கள். முற்பாதியில் "டூ" இல்லாத மறுப்பு, பிற்பாதியில் "டூ" வந்துவிட்டது. நம் தமிழ் வேதாகமத்தில் அது "அவைகள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை" என்று இரு பாதியும் ஒன்றுபோல அமைந்திருக்கும். ஆங்கிலத்தில் பிற்பாதியின் வழக்கமே நாளடைவில் வென்றது.

இப்படி ஒரு துணைச்சொல் தமிழுக்கு அன்னியம் என்றும் எண்ண வேண்டாம். "நான் வரவே இல்லை என்கிறாயே, வரத்தான் செய்தேன்" என்கிறோம். அந்தச் "செய்தேன்" என்ன வேலையைச் செய்தது? வந்த வேலை "வர" என்பதிலேயே முடிந்துவிட்டது. காலத்தையும் ஆளையும் சுமக்க மட்டுமே "செய்தேன்" நிற்கிறது. ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்லும் "ஐ டிட் கம்" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு இல்லை. நாம் அழுத்தத்திற்கு மட்டும் வைத்துக்கொண்டதை அவர்கள் கேள்விக்கும் மறுப்புக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். "ஆம், இஸ், ஆர்" ஆகியவையும் "கேன், வில்" போன்றவையும் தாமே முன்னால் நகரத் தெரிந்தவை என்பதால் அவற்றுக்கு "டூ" வேண்டாம்.

சிங்கப்பூரில் படிக்கும் பேரனுக்கு "ஐ ஆம் லிவிங் இன் பெகு சின்ஸ் 40 இயர்ஸ்" என்று எழுதினேன். அதில் இரண்டு பிழை இருக்கிறது தாத்தா என்று சிரித்துவிட்டான். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெகு)

பேரன் சொன்னது சரி, சிரித்ததுதான் தவறு. தாங்கள் மனத்துக்குள் தமிழில் "40 ஆண்டுகளாகப் பெகுவில் வசிக்கிறேன்" என்று அமைத்து, அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறீர்கள். தமிழில் "வசிக்கிறேன்" என்ற நிகழ்காலமே, கழிந்த 40 ஆண்டுகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஆங்கிலத்தின் நிகழ்காலத்துக்கு அவ்வளவு நீளமான கை கிடையாது. அன்று தொடங்கி இன்றுவரை எட்ட வேண்டுமானால் "ஐ ஹேவ் பீன் லிவிங்" என்று சொல்ல வேண்டும். இது ஒன்று.

மற்றது "சின்ஸ்". தமிழில் "1984 முதல்" என்றும் சொல்கிறோம், "40 ஆண்டுகளாக" என்றும் சொல்கிறோம். "முதல்" வரும் இடத்தில் "சின்ஸ்". "ஆக" வரும் இடத்தில் "ஃபார்". தொடங்கிய புள்ளியைச் சொன்னால் முன்னது, கழிந்த நீளத்தைச் சொன்னால் பின்னது. ஆகவே "ஐ ஹேவ் பீன் லிவிங் இன் பெகு ஃபார் 40 இயர்ஸ்" அல்லது "சின்ஸ் 1984".

இந்த "ஹேவ்" அமைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை, ஏனெனில் பர்மாவில் வளர்ந்த தமிழர்களுக்கு இது வேறு எவரையும்விட எளிதாக இருக்க வேண்டியது. "ஹேவ் யூ எவர் பீன் டு மாண்டலே?" என்ற கேள்வியைத் தமிழில் "மாண்டலேக்குப் போயிருக்கிறீர்களா?" என்கிறோம். "போய்" என்ற எச்சமும் "இரு" என்ற துணைவினையும் சேர்ந்து, "போன அனுபவம் இன்றும் உம்மிடம் இருக்கிறதா" என்று கேட்கின்றன. ஆங்கிலம் "இரு" என்பதற்குப் பதில் "உடைமையாகக் கொள்" என்று பொருள்படும் "ஹேவ்" என்பதைத் துணைவினையாக்கியிருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. பர்மியத்திலோ "மண்டலே யௌக் பூ லா?" என்பதில் வரும் "பூ" இந்த ஒரு வேலைக்கென்றே உள்ள சொல்: வாழ்நாளில் எப்போதாவது செய்ததுண்டு என்பதை மட்டும் அது குறிக்கும். ஆக இரண்டு மொழிகளில் இருக்கிற பாலத்தை விட்டுவிட்டு நாம் ஆற்றில் இறங்கி நீந்துகிறோம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "திருடன் நேற்று ராத்திரி வந்திருக்கிறான்" என்று தமிழில் சொல்கிறோம். பூட்டு உடைந்து கிடப்பதைப் பார்த்து ஊகித்துச் சொல்லும் பேச்சு அது. இதை அப்படியே "த தீஃப் ஹாஸ் கம் லாஸ்ட் நைட்" என்றால் பிழை. நேற்று, போன வாரம், 1984இல் என்று முடிந்துபோன காலத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால், வினையைச் சாதாரண இறந்தகாலத்தில்தான் சொல்ல வேண்டும். ஊகத்தைக் காட்ட விரும்பினால் "எ தீஃப் மஸ்ட் ஹேவ் கம் லாஸ்ட் நைட்" என்று "மஸ்ட்" சேர்த்துக்கொள்ளலாம்.

நமக்கு இல்லாத "எ", "த" என்பனவற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? (கோயில் வகுப்பில் மாலையில் கற்பிக்கும் ஓர் ஆசிரியை, யாங்கூன்)

நமக்கு இல்லை என்று தொடங்காதீர்கள். "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள்." பாட்டி கதையின் இந்த இரண்டு வரியில் பாடம் முடிந்துவிட்டது. முதல்முறை அறிமுகப்படுத்தும்போது "ஒரு", அறிமுகமான பின் "அந்த". ஆங்கிலத்தின் "எ" என்பது "ஒன்று" என்ற அவர்களுடைய பழஞ்சொல் தேய்ந்து வந்தது. "த" என்பது "அது" என்று சுட்டும் சொற்களின் உறவு. நாம் விரும்பினால் சொல்வோம், இல்லையேல் விட்டுவிடுவோம். அவர்களுக்கு விட உரிமை இல்லை.

தமிழில் இன்னோர் இடத்திலும் இந்த வேறுபாடு ஒளிந்திருக்கிறது. "நேற்றுப் புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "நேற்றுப் புத்தகத்தை வாங்கினேன்" என்றால், கேட்பவருக்கு முன்பே தெரிந்த புத்தகம். அந்த "ஐ" உருபு பல இடங்களில் ஆங்கிலத்தின் "த" செய்யும் வேலையையே செய்கிறது. பிள்ளைகளிடம் இந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லி, எதைக் கேட்டதும் "எந்தப் புத்தகம்?" என்று கேட்கத் தோன்றுகிறது என்று விசாரியுங்கள். "எந்த?" என்று கேட்க இடம் இருந்தால் "எ", இடம் இல்லையென்றால் "த". சூரியனைச் சொன்னால் எவரும் எந்தச் சூரியன் என்று கேட்கமாட்டார்கள். ஆகவே "த சன்".

"எ" எங்கே, "ஆன்" எங்கே என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டும். "ஆன் அம்பிரெல்லா", ஆனால் "எ யூனிஃபார்ம்". ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் இரண்டாவதின் ஒலி "யூ". காது சில சமயம் ஏமாந்ததும் உண்டு. சமையலறையில் இடுப்பில் கட்டும் துணிக்கு முதலில் "நேப்ரன்" என்றுதான் பெயர். "எ நேப்ரன்" என்பதை "ஆன் ஏப்ரன்" என்று பிரித்துக் கேட்டுக் கேட்டு, "ன்" இடம் மாறி, அது "ஏப்ரன்" ஆகிவிட்டது. பிள்ளைகள் பிழை செய்யும்போது தாங்கள் கோபப்படாமலிருக்க இந்தக் கதை உதவும்.

"யூ ஹேவ் நாட் ஈட்டன்?" என்று ஒருவர் கேட்டால், சாப்பிடாதவர் "எஸ்" என்பதா, "நோ" என்பதா? (உணவு விடுதி ஊழியர், யாங்கூன்)

"நோ" என்பதே சரி. இந்தப் பதிலைத் தெரிந்துகொள்வதற்கு நான் கொடுத்த விலை ஒரு வேலை.

இளைஞனாக இருந்தபோது ஒரு தங்கும் விடுதியில் நேர்காணலுக்குப் போயிருந்தேன். எதிரே இருந்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, "யூ ஹேவ் நாட் வொர்க்ட் இன் எ ஹோட்டல் பிஃபோர்?" என்றார். முன்பு விடுதியில் வேலை பார்த்ததில்லையா என்கிறார், பார்த்ததில்லைதான், ஆகவே அவர் சொல்வதை மரியாதையோடு ஆமோதித்து "எஸ் சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்து, எந்த விடுதி, எத்தனை ஆண்டுகள் என்று கேட்கத் தொடங்கினார். நான் விழித்தேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் என்று அவர் எண்ணியிருப்பார்; என் விண்ணப்பம் மேசையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது.

"சாப்பிடவில்லையா?" என்றால் நாம் "ஆமாம், சாப்பிடவில்லை" என்கிறோம். பர்மியரும் இப்படிக் கேட்டால் "ஹௌகே" என்று ஆமோதிப்பார்கள். இரு மொழியிலும், கேட்டவர் சொன்னது சரியா என்பதற்கே நாம் விடை சொல்கிறோம். ஆங்கிலத்தில் விடை நடந்த செய்தியைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. நடந்திருந்தால் "எஸ்", நடக்கவில்லையென்றால் "நோ". கேள்வி எந்த வடிவில் வந்தாலும் கவலையில்லை. தயக்கம் இருந்தால் தனிச்சொல்லாக நிறுத்தாமல் "நோ, ஐ ஹேவ் நாட்" என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

"மேரீட் வித்", "டிஸ்கஸ் அபவுட்" இவை பிழை என்கிறார்களே? (ஒரு வாசகர், தௌங்கூ)

பிழைதான். "டிஸ்கஸ் அபவுட்" நம் "பற்றி" என்பதிலிருந்து வந்தது; "டிஸ்கஸ்" என்ற சொல்லுக்குள்ளேயே "பற்றி" அடங்கியிருக்கிறது. "மேரீட் வித்" என்பதற்குத் தமிழ் பொறுப்பாகாது, "அவரை மணந்தேன்" என்று "ஐ" உருபு போட்டுத்தானே சொல்கிறோம். பர்மியத்தில் "நே" என்ற "ஓடு" உருபு வருவதால் நம் வாயிலும் "வித்" ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். "ஷி மேரீட் எ டாக்டர்" போதும்.

விண்ணப்பங்களில் "ஐ பார்ன் இன் மாண்டலே" என்று எழுதிவந்தேன். "ஐ வாஸ் பார்ன்" என்று திருத்துகிறார்கள். பிறப்பது நானாக இருக்க, செயப்பாட்டுவினை ஏன்? (ஒரு வாசகி, மாண்டலே)

தமிழில் "பிறந்தேன்" என்றால் பிறந்தவரே எழுவாய்; யாரும் நம்மைப் "பிறக்கச் செய்ததாக" நாம் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அது "பேர்" என்ற வினையின் வடிவம். "ஈன்" என்று அதற்குப் பொருள். ஈன்றவள் தாய். ஆகவே "ஐ வாஸ் பார்ன்" என்பதை உடைத்தால் "நான் ஈன்றெடுக்கப்பட்டேன்" என்று வரும்; அவர்களுடைய இலக்கணம் இந்த ஒரு சொல்லிலாவது தாயை மறக்கவில்லை. பிறப்பு முடிந்துபோன நிகழ்ச்சி என்பதால் "ஆம் பார்ன்" என்றும் எழுதக்கூடாது.

செயப்பாட்டுவினை ஆங்கிலத்தில் அலுவலக மொழி மட்டுமன்று, அன்றாட மொழி. யாங்கூன் காளி கோயிலைப் பற்றி நாம் பேச்சில் "1871ல கட்டினது" என்போம். யார் கட்டினார் என்று சொல்லாமலே வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. ஆளைச் சொல்லவும் தேவையில்லை, எழுவாயும் வேண்டும் என்னும்போது கோயிலையே எழுவாயாக்கி "த டெம்பிள் வாஸ் பில்ட் இன் 1871" என்கிறார்கள்.

"மழை பெய்தால் வரமாட்டேன்" என்பதற்கு "இஃப் இட் வில் ரெயின், ஐ வில் நாட் கம்" என்று எழுதினேன். முதல் "வில்" தவறாம். மழை இனிமேல்தானே பெய்யப்போகிறது? (பத்தாம் வகுப்பு மாணவி, பீலிக்கான்)

நல்ல கேள்வி. அதே கேள்வியைத் தமிழிடம் கேட்டுப்பார், குழந்தாய். மழை இனிமேல்தான் பெய்யப்போகிறது. ஆனால் "பெய்தால்" என்ற சொல்லைப் பிரித்தால் "பெய்த்" என்ற இறந்தகால அடியும் "ஆல்" என்ற விகுதியும் கிடைக்கின்றன. வந்தால், போனால், கேட்டால் எல்லாம் இப்படியே. வருங்காலத்துக்கு "பெய்வால்" என்று நாமும் சொல்வதில்லை. பர்மியத்தில் "மோ யுவாயின்" என்னும்போது எந்தக் காலமுமே இல்லை. நிபந்தனை சொல்லும் பகுதியில் எதிர்காலக் குறி தேவையில்லை என்பதில் மூன்று மொழிகளும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஆகவே "இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் நாட் கம்".

ஆனால் ஆங்கிலத்தில் "இஃப் இட் ரெயின்ட்" என்ற இறந்தகால வடிவமும் உண்டு. அதற்குப் பொருள் வேறு. யாங்கூனில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். ஜூன் மாதத்தில் "இஃப் இட் ரெயின்ஸ்" என்று சொல்வது இயல்பு. ஜனவரியில் வெள்ளை வெயிலைப் பார்த்துக்கொண்டு, நடக்காது என்று தெரிந்தே "இப்போது மழை பெய்தால் தெருவில் ஆடுவேன்" என்று சொன்னால், அங்கே "இஃப் இட் ரெயின்ட் நவ், ஐ வுட் டான்ஸ் இன் த ஸ்ட்ரீட்" என்று வர வேண்டும். இறந்தகால வடிவம் இங்கே காலத்தைக் காட்டவில்லை, தூரத்தைக் காட்டுகிறது. நடப்பிலிருந்து எட்ட நிற்பதை, கடந்துபோனதன் உடையை அணிவித்துக் காட்டுகிறார்கள். பணிவிலும் இந்தத் தூரம் பயன்படும். "ஐ வான்டட் டு ஆஸ்க்" என்பது, நாம் பெரியவர் முன்னால் போய் நின்று "ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்" என்பது போல. அவர் எதிரிலேயே நின்றுகொண்டு இறந்தகாலத்தில் பேசுகிறோம், அல்லவா?

தமிழில் "பெய்தால்" என்ற ஒரே சொல், ஜூனுக்கும் ஜனவரிக்கும் பொதுவாக இருக்கிறது. நீ கவனமாக இருக்க வேண்டிய இடம் அதுதான். மூன்றாவது வகையில் மட்டும் கவலையே வேண்டாம்: "மழை பெய்திருந்தால் வந்திருக்க மாட்டேன்", "இஃப் இட் ஹேட் ரெயின்ட், ஐ வுட் நாட் ஹேவ் கம்." "இருந்தால்" என்பதற்கு "ஹேட்", "இருக்க" என்பதற்கு "ஹேவ்", "மாட்டேன்" என்பதற்கு "வுட் நாட்" என்று துண்டு துண்டாகப் பொருந்தும். ஆசிரியர்கள் பலர் கடைசியில் பயமுறுத்திக்கொண்டே கற்பிக்கும் இந்த வகையைத்தான் நான் முதலில் கற்பிப்பேன்.

எல்லா வாக்கியத்தின் முடிவிலும் "இஸ்னிட்?" என்று சேர்க்கலாமா? (ஒரு வாசகர், மௌல்மீன்)

நம் "இல்லையா", பர்மியர் வாக்கியக் கடைசியில் சேர்க்கும் "நோ" (ஆங்கில "நோ" அன்று) ஆகியவை எந்த வாக்கியத்தோடும் ஒட்டும். அந்தப் பழக்கத்தில் "யூ ஆர் கமிங், இஸ்னிட்?" என்கிறோம். எழுத்திலும் தேர்விலும் அது செல்லாது, "யூ ஆர் கமிங், ஆர்ன்ட் யூ?", "ஹி வென்ட், டிட்ன்ட் ஹி?" என்று முன்னால் உள்ள வினைக்கேற்ப மாற்ற வேண்டும். நண்பர்களுடன் பேசும்போது எப்படியும் சொல்லிக்கொள்ளுங்கள், குடி முழுகாது.

"ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி" என்று நான் சொன்னதை என் மேலாளர் ஒவ்வொரு முறையும் திருத்துகிறார். "வேர் இஸ் ஹி" என்பது சரியான ஆங்கிலம்தானே? (அலுவலக உதவியாளர், யாங்கூன்)

தனியே நின்றால் சரிதான். "அவர் எங்கே இருக்கிறார்?" என்ற கேள்வியைத் தமிழில் அப்படியே தூக்கி, "அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை" என்று இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்துவிடலாம்; உள்ளே போன கேள்வி ஒரு சொல்லும் மாறாது, "என்று" அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் வினை முன்னால் நகர்வது, கேட்கிறேன் என்பதற்கான அடையாளம். தெரியாது என்று சொல்லும்போது தாங்கள் எதையும் கேட்கவில்லை. ஆகவே நகரக் காரணமில்லை. "ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்."

"டூ யூ நோ வேர் ஹி இஸ்?" என்று கேட்கும்போது, கேள்வி வெளி வாக்கியத்தில் இருக்கிறது, "டூ" அங்கே முன்னால் வந்து அந்த வேலையை முடித்துவிட்டது, உள்ளே இருப்பது அமைதியாகவே இருக்கும். இந்த இதழின் முதல் கேள்வியில் வினையை விட்டுவிட்டு முன்னால் ஓடிப்போன "ஸ்" என்பதை நினைவில் வைத்திருந்தால் இதைச் சரிபார்ப்பது எளிது. "வேர் டஸ் ஷி செல் மொஹிங்கா?" என்று நேராகக் கேட்டால் அது "டூ" என்பதோடு போய்விடும். "டெல் மீ வேர் ஷி செல்ஸ் மொஹிங்கா" என்றாலோ, பழையபடி "செல்ஸ்" என்பதற்கே வந்து ஒட்டிக்கொள்ளும்.